எல்லைக்கல்லும் அடையாளச்சீட்டும்

ஒரு மனிதன் இன்னான் என்பதற்குச் சான்று எது? அவனது முகமா, அவன் வாய்ச்சொல்லா, அவனை அறிந்தோர் கூறும் உரையா, அன்றி அரசாங்கம் முத்திரையிட்டு வழங்கிய காகிதமா? தத்துவ வகுப்பிலே பொழுதுபோக்காக எழுப்பப்படும் கேள்வி போல இது தோன்றலாம். ஆனால், இரண்டு நாடுகள் சந்திக்கும் மலைமுகட்டில், ஓர் எல்லைக்கல்லின் அருகே, மூட்டையைத் தோளிற் சுமந்து நிற்கும் ஒருவனுக்கு இது முற்றிலும் நடைமுறையான கேள்வியாகும். அவன் அடுத்த அடியை எடுத்து வைக்கலாமா, கூடாதா என்பதை இதற்குரிய விடையே தீர்மானிக்கின்றது.

அல்ப்ஸ் மலைத்தொடரின் அதியுயர் சிகரமான மொன் பிளாங்கைச் சுற்றி ஏறக்குறைய 170 கிலோமீற்றர் நீளமான நடைபாதை ஒன்று செல்கின்றது. பிரான்ஸ், இத்தாலி, சுவிற்சர்லாந்து என்னும் மூன்று நாடுகளின் மண்ணையும் மிதித்தே அதனை நடந்து முடிக்க வேண்டும். பிரான்சிலிருந்து இத்தாலிக்குள் இறங்கும் சேஞ் கணவாய் 2,516 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காவற்கூடம் இல்லை. துப்பாக்கியுடன் நிற்கும் சிப்பாய் இல்லை. ஒரு கற்குவியலும் ஓயாத காற்றுமே உண்டு. நடப்பவன் ஒரு காலை ஒரு நாட்டிலும் மறு காலை மற்றொரு நாட்டிலும் வைத்து இளைப்பாறிவிட்டுப் போகின்றான். லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில் 1985இல் கைச்சாத்தாகி, 1995இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் பயன் இது. சுவிற்சர்லாந்தும் 2008இல் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. ஆயினும், சோதனை இல்லை என்பதால் சட்டமும் இல்லை என்று எண்ணிவிடலாகாது. நடப்பவன் தன் மூட்டையில் கடவுச்சீட்டையோ தேசிய அடையாள அட்டையையோ வைத்திருத்தல் வேண்டும். நம்மைப் போன்ற நாட்டவராயின் விசாவும் வேண்டும். கேட்பார் பெரும்பாலும் இல்லை. கேட்டாற் காட்டியாக வேண்டும்.

அட்லாந்திக் மாகடலுக்கு அப்பாலோ நிலைமை வேறு. மெக்சிக்கோவின் எல்லையிலிருந்து கனடாவின் எல்லை வரை, ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மலைகளினூடாக, 2,650 மைல் நீளமான பசிபிக் முகட்டுப் பாதை செல்கின்றது. வசந்த காலத்தில் தெற்கே புறப்படுவோர் ஐந்து மாதம் நடந்து வடக்கே 78ஆம் இலக்க எல்லைத்தூணை அடைவர். முன்பு, கடவுச்சீட்டின் பிரதியுடன் விண்ணப்பித்து அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள், அந்தத் தூணைக் கடந்து மேலும் எட்டு மைல் நடந்து கனடாவின் பெருந்தெருவை அடையலாம். 2025 ஜனவரியில் கனடா அந்த அனுமதி முறையை நிறுத்திவிட்டது. தெற்கு நோக்கி அப்பாதை வழியே நாட்டினுள் வருவதற்கு அமெரிக்காவோ என்றுமே இடங்கொடுத்ததில்லை. ஆகவே இன்று, ஆயிரக்கணக்கான மைல்களை நடந்து வந்தவர் தூணைத் தொட்டுவிட்டு, வந்த வழியே முப்பது மைல் திரும்பி நடந்து, வாகனமேறி, முறையான சோதனைச்சாவடி வழியாகவே கனடாவுக்குட் புகவேண்டும். மரமும் மண்ணும் மாறவில்லை. கரடியும் மானும் அந்தத் தூணைச் சட்டை செய்வதுமில்லை.

இதனை ஏளனம் செய்வது எளிது. ஆனால் அரசாங்கத்தின் பக்கத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். நாட்டினுள் வருவோர் யார் என்று அறிய விரும்புவது கொடுங்கோன்மை ஆகாது. மலையின் நியாயம் ஒன்றும் இங்கே உண்டு. பனிப்பிளவில் வீழ்ந்தவனையும் மூர்ச்சித்துக் கிடப்பவனையும் கண்டெடுப்போர், அவன் யார், யாருக்குச் செய்தி அனுப்புவது என்பதை அவன் சட்டைப்பையிலிருந்தே அறிகின்றனர். அப்போது அந்தச் சீட்டு பொலிசாரின் கருவியன்று; தாயின் கையிற் சேரும் கடிதம். பரீட்சை மண்டபத்தில் மாணவரின் அடையாள அட்டையை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை ஆசிரியராகிய எமக்கும் உண்டு. ஒருவனது உழைப்பின் பயனை இன்னொருவன் கவர்ந்துகொள்ளாதிருக்கவே அவ்வாறு செய்கின்றோம். "நீ யார்?" என்று கேட்பது குற்றமன்று.

ஆனால் எல்லையிலே கேட்கப்படுவது உண்மையில் அந்தக் கேள்விதானா? கடவுச்சீட்டைச் சற்று உன்னிப்பாகப் பாருங்கள். ஒருவன் நல்லவனா, சொன்ன சொல்லைக் காப்பவனா, எதற்காக மலையேறி வந்தான் என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பெயரும் பிறந்த திகதியும் உண்டு. அவற்றுக்கெல்லாம் மேலாக, அட்டையிலேயே பொறித்த எழுத்தில் ஓர் அரசின் பெயர் உண்டு. இவன் எம்மவன், இவனை நீங்கள் திருப்பி அனுப்பினால் நாம் ஏற்றுக்கொள்வோம் என்று அந்த அரசு மற்றைய அரசுகளுக்குக் கொடுக்கும் வாக்குறுதியே கடவுச்சீட்டு. "நீ யார்?" என்பதைவிட "நீ யாருடையவன்?" என்பதே அங்கு கேட்கப்படும் கேள்வி. இவ்விரண்டு கேள்விகளையும் ஒன்றெனக் கொள்வதிலேதான் அநீதி நுழைகின்றது என்பது என் துணிபு.

இரண்டாவது கேள்வி பழமையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் கூத்தர்க்கு வழிகாட்டும் நூல். மலைப்பாதையின் ஏதங்களை எல்லாம் அது எடுத்துரைக்கின்றது. காவல் மிகுந்த இடங்களையும் கூறுகின்றது. குறவர் குடியிருப்புக்களில் உங்கள் சொந்த வீடு போலவே நுழையலாம் என்கின்றது. எப்போது? நன்னனிடம் செல்கின்றோம் என்று சொல்லும்போது. பாடம் நடத்துகையில் நாம் தமிழரின் விருந்தோம்பலைப் புகழ்ந்து அப்பாற் சென்றுவிடுகின்றோம். அந்த விருந்தோம்பலும் ஒரு தலைவனின் பெயரைக் கேட்டே கதவைத் திறந்தது என்பதை மாணவருக்குச் சொல்வதில்லை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வாய்ச்சொல்லே போதுமாயிருந்தது. சொல்பவனை நம்புவதா என்பதைக் கேட்பவன் தன் மனத்தாலேயே முடிவு செய்தான்.

காகிதம் அந்த இடத்தைப் பிடித்தது அண்மைக்காலத்திலேதான். முதலாம் உலகப்போருக்கு முன், ருஷ்யா, துருக்கி போன்ற சில பேரரசுகள் நீங்கலாக, ஐரோப்பாவின் பெரும்பகுதியிற் கடவுச்சீட்டின்றியே பிரயாணம் செய்ய முடிந்தது. ஒஸ்திரிய எழுத்தாளர் ஸ்தெபான் ஸ்வைக், 1914க்கு முன் தாம் கடவுச்சீட்டின்றியே இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்ததைத் தமது நினைவு நூலில் ஏக்கத்துடன் எழுதியுள்ளார். போர்க்காலத்தில் தற்காலிகமாக வந்த கட்டுப்பாடு போரோடு போகவில்லை. 1920இற் பாரிஸ் நகரிற் கூடிய மகாநாடு கடவுச்சீட்டின் வடிவத்தை ஒழுங்குபடுத்தி அதனை நிலைநாட்டியது. இரண்டாண்டுகளின் பின், நாடிழந்த ருஷ்ய அகதிகளுக்காக நான்சன் கடவுச்சீட்டு உருவாயிற்று. எல்லோருக்கும் காகிதம் வேண்டும் என்று ஆனபின், யாருமற்றவனுக்கும் யாராவது ஒரு காகிதம் எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று!

ஸ்வைக் ஏங்கிய அந்தப் பொற்காலம் யாருக்குப் பொற்காலம் என்றும் கேட்கத்தான் வேண்டும். அவர் கீழ்த்திசை நாடுகளைக் கட்டுப்பாடின்றிச் சுற்றி வந்த அதே ஆண்டுகளில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கழுத்தில் தகரச்சீட்டுக் கட்டப்பட்டிருந்தது. அதிற் பெயர் இல்லை. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்து, தோட்டத்தின் இலக்கம், ஆளின் இலக்கம் இவையே பொறிக்கப்பட்டிருந்தன. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் அவரது கடன் தொகையைக் குறிப்பிடும் "துண்டு" வேண்டும். கடனைப் புதிய துரை ஏற்றுக்கொண்டாலன்றி அடுத்த மலைக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. "நீ யாருடையவன்?" என்ற கேள்வி இவ்வளவு நிர்வாணமாகக் காகிதத்திலும் தகரத்திலும் எழுதப்பட்ட இடங்கள் உலகில் அதிகம் இரா. ஐரோப்பியக் கனவானுக்குச் சீட்டுத் தேவைப்படாத காலம், தோட்டத் தொழிலாளிக்குச் சீட்டே கழுத்துச்சுருக்காயிருந்த காலம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் அவர் பிள்ளைகள் யாருடையவரும் அல்லர் என்றாயினர். நாடற்றவர் என்ற சொல்லின் பொருளை இந்நாட்டு வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இனி, ஒரு மலைப்பாதையிலே அந்தச் சொல் ஒரு மனிதரை என்ன செய்தது என்பதைப் பார்ப்போம். பிரெனீஸ் மலைகள் மத்தியதரைக் கடலைத் தொடும் இடத்தில், பிரான்சின் பன்யூல்ஸ் என்னும் ஊரிலிருந்து ஸ்பானியாவின் போர்ட்போ வரை ஒரு பாதை செல்கின்றது. திராட்சைத் தோட்டங்களுக்கூடாக ஏறி, முகட்டைக் கடந்து, கடலை நோக்கி இறங்கும் அதனைத் திடகாத்திரமுள்ளவர் ஒரு பகலில் நடந்துவிடலாம். 1940 செப்டெம்பரில் ஜேர்மானிய யூதரான வால்ற்றர் பென்யமின் என்ற அறிஞர் அதில் நடந்தார். கலையையும் வரலாற்றையும் மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தவர்களுள் அவர் தனியிடம் உடையவர். அப்போது அவருக்கு வயது 48. இருதய நோயாளி. 1933 முதல் பாரிசிலே புகலிடம் தேடி வாழ்ந்தவர். ஹிட்லரின் அரசு அவரது குடியுரிமையைப் பறித்துவிட்டதால் நாடற்றவர். பிரான்ஸ் வீழ்ந்ததும், ஜேர்மனி கேட்கும் ஜேர்மானியரை ஒப்படைப்பதாக விஷி அரசு ஒப்புக்கொண்டிருந்தது.

அவரிடம் பத்திரங்கள் இல்லாமலில்லை. அமெரிக்கா செல்வதற்கு விசா இருந்தது. ஸ்பானியாவைக் கடந்து செல்வதற்கும் அனுமதி இருந்தது. பிரான்சை விட்டு வெளியேறும் அனுமதி ஒன்றே இல்லை. வீட்டினுள் வைத்திருக்க விரும்பாதவனே வெளியேறவும் விடாது கதவை அடைத்துக்கொண்டான். அதனாலேயே ரயிலை விட்டு மலைப்பாதையை நாட வேண்டியதாயிற்று. அவருக்கு வழிகாட்டியவர் லீசா ஃபிட்கோ என்ற பெண். அவரும் ஓர் அகதியே. முதல்நாள் வழி பார்த்து வருவதற்காக ஓரளவு தூரம் சென்றபோது, திரும்பி வந்து மீண்டும் ஏற இருதயம் இடங்கொடாது என்று சொல்லிப் பென்யமின் அந்த இரவை மலைச்சரிவிலே தனியே கழித்தார். மறுநாள் பத்து நிமிடம் நடப்பதும் ஒரு நிமிடம் ஓய்வதுமாக, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முகட்டை ஏறினார். கையிலே கனமான கறுப்புப் பையொன்று. அதிலிருந்த கையெழுத்துப் பிரதி தம் உயிரினும் பெரிதென்று அவர் கருதியதாக ஃபிட்கோ பின்னாளில் எழுதியுள்ளார்.

போர்ட்போவை அடைந்ததும், பிரான்சின் வெளியேற்ற அனுமதி இல்லாத நாடற்றவரைத் திருப்பியனுப்புமாறு கட்டளை இருப்பதாக ஸ்பானியப் பொலிசார் கூறினர். இரவை மட்டும் அங்குள்ள விடுதியிற் கழிக்க விட்டனர். செப்டெம்பர் 26ஆந் திகதி இரவு பென்யமின் அந்த விடுதியிலே இறந்தார். மோர்பின் மருந்தை அளவுக்கு மிஞ்சி உட்கொண்டார் என்பதே பெரும்பாலோர் கொள்கை. உடன் வந்தவர்கள் பின்னர் பிரயாணத்தைத் தொடர அனுமதிக்கப்பட்டனர். கறுப்புப் பையின் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. ஊர்ப் பதிவேட்டில் அவர் பெயர் முன்பின்னாக மாறி "பென்யமின் வால்ற்றர்" என்று எழுதப்பட்டது; அந்தப் பெயரிலேயே கத்தோலிக்கச் சேமக்காலையில் அடக்கம் நடந்தது. சில மாதங்களின் பின் அதே வழியாகத் தப்பிச் சென்ற அவருடைய நண்பர் ஹன்னா ஆரென்ட் கல்லறையைத் தேடியும் காணவில்லை. யார் என்பதைத் திருத்தமாக எழுதத் தெரியாத பதிவேடுகள், யாருடையவர் என்பதில் மட்டும் எவ்வளவு கண்டிப்பாயிருந்தன!

ஆரென்ட் தாமும் நாடற்றவராகப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். மனித உரிமை என்று நாம் போற்றுவது, ஒரு நாட்டின் குடியாக இருப்பவனுக்கே கைக்கெட்டுகின்றது; வெறும் மனிதனாக மட்டும் நிற்பவனுக்கு அதனைக் கொடுப்பார் எவருமில்லை என்று 1951இல் வெளிவந்த நூலில் அவர் வாதித்தார். அந்த மலைப்பாதையை நினைத்தால் இந்த வாதம் வெறும் ஏட்டுத் தருக்கமாகத் தோன்றாது.

இன்று அந்தப் பாதை பென்யமின் பெயரால் அடையாளமிடப்பட்ட நடைபாதை. உலகெங்குமிருந்து வருவோர் தண்ணீர்ப் போத்தலும் வரைபடமும் கொண்டு அதிலே நடக்கின்றனர். போர்ட்போவில், கடலை நோக்கி இறங்கும் இரும்புப் படிக்கட்டாக, சிற்பி தானி கரவான் அமைத்த நினைவுச்சின்னம் 1994இல் திறக்கப்பட்டது. இது நல்லதே. இறந்தவருக்குக் கண்ணீர் விடுவதற்கு விசா வேண்டியதில்லை. ஆனால், அந்தப் பாதையில் இன்று உரிய சீட்டோடு நடப்பவர், சீட்டில்லாது அன்று நடந்தவரோடு தாம் ஒன்றிவிட்டதாக எண்ணினால், அங்கே ஒரு சிறு பொய் கலந்துவிடுகின்றது. அந்தப் பொய்யைப் பார்க்க விரும்புவோர் அல்ப்ஸ் மலைக்கே திரும்பி வர வேண்டும்.

இத்தாலியின் கிளாவியேர் என்ற ஊருக்கும் பிரான்சின் மொன்ஜனேவ்ர் என்ற ஊருக்கும் இடையே உள்ள தூரம் சொற்பம். 1,850 மீற்றர் உயரத்திற் கணவாய் ஒன்று. பனிக்காலத்திற் பனிச்சறுக்கு, கோடையிற் கோல்ஃப் மைதானம். அந்த மைதானம் இரண்டு நாடுகளிலும் பரந்து கிடக்கின்றது. பந்து எல்லை தாண்டிப் போவதற்கு எந்தப் பத்திரமும் வேண்டியதில்லை. 2015 நவம்பரிற் பிரான்ஸ் தன் உள்ளெல்லைகளிலே சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. அதன் பின் அது காலத்துக்குக் காலம் நீடிக்கப்பட்டே வருகின்றது. பகலிலே வண்ண உடையுடன் சறுக்கி விளையாடுவோரை மறித்துச் சீட்டுக் கேட்பது அரிது. இரவிலே, ஆபிரிக்காவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தோர், பொலிசாரின் விளக்கொளிக்குத் தப்புவதற்காகப் பாதையை விட்டு ஆழ்ந்த பனிக்குள் இறங்குகின்றனர். கால்விரல்கள் உறைந்து அறுக்கப்பட்டோர் உளர். 2018 மே மாதத்தில், துரான்ஸ் ஆற்றிலே ஒரு நைஜீரிய இளம்பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்டது. பனி உருகியபோது மலையிலிருந்தும் உடல்கள் வெளிப்பட்டன.

ஒரே மலை, ஒரே பாதை, ஒரே சட்டம். இருவர் மூட்டையிலும் சீட்டு இருக்க வேண்டும் என்பதே விதி. ஆனால் ஒருவனிடம் அது கேட்கப்படுவதில்லை. மற்றவனிடம் கேட்கப்படாமல் விடப்படுவதில்லை. ஆகவே, கேட்கப்படாதிருப்பதே ஒரு கடவுச்சீட்டு. அது முகத்தின் நிறத்திலும், அணிந்த சப்பாத்தின் விலையிலும் எழுதப்பட்டுள்ளது. எல்லை திறந்துவிட்டது என்று மகிழும் நடைப்பயணி, உண்மையில் தன் வர்க்கத்தின் அடையாளச்சீட்டை முகத்திலே தாங்கி நடக்கின்றான். சாவடிகளில் யாரிடம் அட்டை கேட்கப்படும், யார் கையசைத்து அனுப்பப்படுவார் என்பதைப் பல ஆண்டு அநுபவத்தால் அறிந்த நம்மவருக்கு இது புதுமையன்று.

அப்படியானால் உரிய சீட்டு உள்ளவன் என்ன செய்வது? தன் கடவுச்சீட்டைக் கிழித்து எறிவதா? அதனால் எவருக்கும் பயனில்லை, அது நாடகம். "இது அரசாங்கங்களின் விஷயம், நான் இயற்கையை இரசிக்க வந்தவன்" என்று நடந்துவிடுவதா? பெரும்பாலோர் செய்வது இதுவே. ஆனால் மலைக்கென்று, சட்டங்களுக்கு முந்திய ஓர் ஒழுக்கம் உண்டு. புயலுக்குள் அகப்பட்டவன் கதவைத் தட்டினால், மலைக்குடிலின் காவலர் முதலில் அவனை உள்ளே எடுத்து அடுப்பருகே இருத்துவார். பெயரைப் பிறகு கேட்பார். கடலிலே தத்தளிப்பவனைத் தூக்கி எடுக்கும் மாலுமியின் முறையும் அதுவே. இந்த வரிசை முக்கியமானது. "நீ யார்?" என்ற கேள்வியை இந்த ஒழுக்கம் மறுக்கவில்லை, அதற்குரிய இடத்தில், இரண்டாவதாக வைக்கின்றது. "நீ யாருடையவன்?" என்பதைச் சூடான தேநீருக்கு முன் கேட்பதையே அது மறுக்கின்றது. இரக்கம் சட்டத்தை அழித்துவிடும் என்று அஞ்சுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். உயிர்பிழைத்தவனை நாளை விசாரிக்கலாம். உறைந்து போனவனிடம் எந்தக் கேள்வியையும் கேட்க முடியாது.

அந்தப் பிரதேசத்துப் பிரியான்சோன் நகர மக்களிற் சிலர் இந்த வரிசையைக் கைவிடவில்லை. 2017இல் அங்கே, மலை கடந்து வருவோர் தங்குவதற்கு ஒரு விடுதியைத் திறந்தனர். பனி இரவுகளிற் போர்வையும் தேநீரும் கொண்டு பாதைகளிற் சுற்றினர். அவர்களுள் ஒருவரான மலை வழிகாட்டி, 2018 ஜனவரியில் நான்கு ஆபிரிக்கருக்குத் தேநீரும் உடையும் கொடுத்தமை தொடர்பான வழக்கில், மறு ஆண்டு ஜனவரியில் மூன்று மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை பெற்றார். நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. இதனிடையே தெற்கே ரோயா பள்ளத்தாக்கின் விவசாயியான செட்ரிக் ஹெரூ என்பவரின் வழக்கு பிரான்சின் அரசியலமைப்புச் சபைக்குச் சென்றது. 2018 யூலை 6ஆந் திகதி அச்சபை, குடியரசின் முழக்கங்களுள் மூன்றாவதான சகோதரத்துவம் வெறும் முழக்கமன்று, சட்டவலுவுடைய கோட்பாடு என்று தீர்த்தது. நாட்டினுள் வந்துவிட்ட ஒருவனுக்குக் கைம்மாறு கருதாது மனிதாபிமானத்தால் உதவும் சுதந்திரம் எவருக்கும் உண்டு. அவனது குடியுரிமைப் பத்திரம் எப்படியிருந்தாலும் சரியே.

ஆனால் நாட்டினுள் வருவதற்கு உதவுவது அந்தத் தீர்ப்பின் பின்னும் குற்றமாகவே விடப்பட்டது. சகோதரத்துவம் எல்லைக்கல்லில் தொடங்குகின்றது என்பதே அதன் பொருள். இப்பக்கத்திலே தள்ளாடி விழுந்தவனின் கையைப் பற்றிக் கீழே அழைத்து வருபவன் சகோதரன். பத்தடி அப்பாலே அதே கையைப் பற்றியவன் குற்றவாளி. உதவப் போகின்றவன், கையை நீட்டுமுன், தன் காலடியிலுள்ள நிலம் எந்த நாட்டினது என்று அறிந்திருக்க வேண்டும். குளிர்காலத்திலே அந்தக் கணவாயின் எல்லைக்கற்கள் பனிக்கடியிற் கிடக்கின்றன.